லாப்போ வரையாத படம்

மோந்தெகியாரா ஊரில் லாப்போ என்ற பெயரில் ஐந்து பேர் இருந்தார்கள். ரொட்டி சுடுகிறவன் மாவு லாப்போ. கோயில் மணி அடிக்கிறவன் செவிட்டு லாப்போ. தறிக்காரன் கோணக்கால் லாப்போ. கசாப்புக்காரனின் பட்டப்பெயரைப் பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்ல முடியாது. ஐந்தாவது லாப்போ ஓவியன். அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்க வேண்டும் என்றுகூட ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. "எந்த லாப்போ?" என்று கேட்டால், "அந்த நாலு பேரும் இல்லப்பா, இன்னொருத்தன்" என்பார்கள்.

கல்யாணப் பெட்டியின் மூடி, ஒயின் கடைப் பலகை, ஊர்வலக் கொடி, ஏணியிலிருந்து விழுந்து பிழைத்தவன் மாதாவுக்கு நேர்ந்து மாட்டும் சின்னப் படம், எது வந்தாலும் வரைவான். நன்றாக வரைவான் என்று யாரும் சொன்னதில்லை, சொன்ன நாளில் கொடுத்துவிடுவான். ஒருமுறை கோயில் கொடியில் புனித ஜார்ஜியார் குதிரை மேல் இருந்து டிராகனைக் குத்துகிற காட்சியை வரைந்து கொடுத்தான். பங்குச் சாமியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா ரெண்டு டிராகன்?" என்று கேட்டார். அன்று லாப்போ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். சாவதற்குள் யாராவது ஒரு ஆள் ஒரு படத்துக்கு முன்னால் நின்று, "இது லாப்போ கை" என்று சொல்ல வேண்டும். சிரிக்காமல் சொல்ல வேண்டும். ஆசைப்படுவதற்கு வரியா போட்டிருக்கிறார்கள்?

தொழில் நடந்தது ஒரு காகிதத்தின் தயவில். குருநாதரிடமிருந்து சுட்டுக்கொண்டு வந்த பெண் முகம் அது. கோடு நெடுக ஊசித் துளை. பலகை மேல் வைத்துக் கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் முகம் அப்படியே பலகையில் இறங்கிவிடும். இடப்பக்கம் பார்க்க வைத்தால் மாதா. காகிதத்தைத் திருப்பிப் போட்டால் மதலேனாள். தலையில் இலை சுற்றினால் வசந்த காலம். இருபத்திரண்டு வருடங்களாக அந்த வட்டாரத்துப் பெண் புனிதர்கள் அத்தனை பேரும் அக்கா தங்கைகள் போல இருந்ததற்கு அந்த ஒரே காகிதம்தான் காரணம்.

அப்படி இருக்கும்போதுதான் கம்பளி வியாபாரி ரினியேரி ஆள் அனுப்பினார். அவருடைய மகள் வெர்தியானாவுக்கு அரெஸ்ஸோவில் வரன் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் முகத்தைப் பலகையில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஊரில் மற்ற மூன்று ஓவியர்களும் சிற்றாலயச் சுவரில் சாரம் கட்டி வரைந்துகொண்டிருந்ததால், வேறு வழியில்லாமல் லாப்போ.

"ஏம்ப்பா, பக்கவாட்டுல வரை. எம் பொண்ணுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அதை நீ பாத்து..." என்று இழுத்தார் ரினியேரி.

"மூக்கைப் பத்திக் கவலைப்படாதீங்கய்யா. எங்கிட்ட ஒரு மூக்கு இருக்கு. எல்லாருக்கும் பொருந்தும்."

"கழுத்துல முத்து. மூணு சரம்."

"கல்யாணமாகாத பொண்ணு முத்து போடக்கூடாதுன்னு சட்டமாச்சே?"

"போடத்தானே கூடாது? வரையறதுக்கு எவன்டா சட்டம் போட்டான்? அரெஸ்ஸோக்காரன் வாயைப் பொளக்கணும். மூணு சரம் போடு. இடம் இருந்தா நாலு."

லாப்போ வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தான். காகிதம் இல்லை.

"அடியே பியேரா! எங்கடி என் மாதா?"

அவன் மனைவி பியேரா கொல்லையில் தோல் துண்டுகளைப் போட்டுப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. "எந்த மாதா?"

"காகித மாதாடி!"

"ஓட்டை ஓட்டையா ஒண்ணு கெடந்துச்சே, அதுவா? பன்னிக் கொழுப்பைச் சுத்தி எங்க அக்காவுக்குக் குடுத்தனுப்பிட்டேன். ஒழுகிடும்னு பாத்தேன், நல்லாத்தான் தாங்குச்சு."

லாப்போ தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் காகிதம் இல்லாமல் பலகையும் கையுமாக ரினியேரி வீட்டுக்குப் போனான். வெர்தியானா ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து சோம்பு மென்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. ஒரு இடத்தில் இருக்க முடியாத பெண்.

"ஏன் அப்படி முறைக்கறீங்க?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"பாக்கறேம்மா."

"பாத்துத்தானே வரையணும்?"

"இதுவரைக்கும் அப்படி வரைஞ்சதில்லம்மா."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்பாவுக்குப் பயந்து அதை அடக்கினாள். அடக்கிய சிரிப்பு தொண்டையில் வந்து நின்றது. தாடைக்குக் கீழே, முத்துச் சரம் வர வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே, தோல் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. லாப்போ அதைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவன் முதன்முதலாகப் பார்த்த பொருள் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

பதினாறு நாள் அவள் உட்கார்ந்தாள், அவன் வரைந்தான். வண்ணம் குழைக்க முட்டை மஞ்சள். நகரத்துக் கோழி முட்டையின் மஞ்சள் வெளுப்பு, இளம் முகத்துக்கு ஏற்றது. பட்டிக்காட்டுக் கோழி முட்டை சிவப்பு, கிழவர்களுக்கு. முப்பத்தோரு நகரத்துக் கோழி முட்டை செலவாயிற்று. மூக்கு நீளமாகவே வந்தது. அதைத் தொட்டுச் சின்னதாக்க அவனுக்கு மனம் வரவில்லை. முத்துகள் ஒவ்வொன்றிலும் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. ஆனால் உயிர் இருந்தது அந்தத் தொண்டையில்தான்.

கடைசித் தீற்றல்களுக்காகப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பியேரா பார்த்தாள். கரண்டி கையிலேயே நின்றது.

"யாருய்யா வரைஞ்சது?"

"நான்தான்."

"பொய் சொல்லாத."

"மாதா சத்தியமா நான்தான்டி."

அவள் கிட்டே போனாள், பின்னால் வந்தாள், மறுபடி கிட்டே போனாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "பாவி மனுஷா, இத்தனை வருஷம் இதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள். லாப்போவுக்கும் தெரியவில்லை. இருவரும் அன்று அவரைக் குழம்பு ஆறிப்போகும் வரை பலகைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வார்னிஷ் பூசி ரினியேரி வீட்டில் கொடுத்தபோது, "மூணு நாள் வெயில்ல காயணும்" என்று சொல்லிவிட்டு வந்தான். அவர்கள் தெருவைப் பார்த்த மாடி ஜன்னலில் வைத்தார்கள். விதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

பெண்களின் ஆடை அணி அதிகாரி செர் கால்வானோ வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரன் தன் அத்தை மகளிடம் அபராதம் வாங்க மாட்டான் என்பதால் இந்த வேலைக்கு எப்போதும் வெளியூர் ஆள்தான். ஆறு மாதத்துக்கு ஒருவர் வருவார், அளவுக் கயிறும் ஏடுமாகத் தெருத் தெருவாகச் சுற்றுவார், பாவாடை தரையில் எத்தனை விரல் இழுபடுகிறது என்று அளப்பார். அதிலும் கால்வானோ சட்டத்தில் ஊறிய பழம். தன் மனைவிக்கே கடிதத்தில் கண்டித்து எழுதுபவர்.

அவர் அந்தத் தெருவில் வந்தார். ஜன்னலில் கல்யாணமாகாத பெண், கழுத்தில் மூன்று சரம் முத்து. தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, அந்த முத்தைக் கழட்டிடுங்க."

பெண் திரும்பவில்லை.

"உங்களைத்தாம்மா. நகர மன்றத்துப் பேரால சொல்றேன்."

பெண் பக்கத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை கூப்பிட்டும் மரியாதைக்குக்கூட முகத்தைத் திருப்பவில்லை. கால்வானோவின் காது சிவந்தது. ஏட்டை விரித்து அங்கேயே எழுதினார்: இன்ன தெரு, இன்ன வீடு, மூன்று சரம், அதிகாரி மும்முறை அழைத்தும் அலட்சியம். எழுதி, மை காய மணல் தூவும்போது அதே ஜன்னலில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், அதே மூக்கோடு இன்னொரு தலை நீண்டது.

"யாரைக் கூப்பிடறீங்க ஐயா?" என்றாள் வெர்தியானா, வாயில் சோம்போடு.

தெருவே சிரித்தது. லாப்போவுக்கு ஊரில் கிடைத்த முதல் பாராட்டு அது, குற்றப்பத்திரிகையாகக் கிடைத்தது. வேறு ஆளாக இருந்தால் கால்வானோவும் சிரித்துவிட்டு அந்த வரியை அடித்திருப்பார். ஆனால் ஏட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு. அடித்தல் திருத்தல் கூடாது. "எழுதினது எழுதினதுதான்" என்றார். "முத்து பொதுவெளியில காணப்பட்டுச்சா இல்லையா? பட்டுச்சு. சட்டத்துல 'காணப்பட்டால்'னுதான் இருக்கு. உசிரோட இருக்கணும்னு எங்கயும் இல்ல."

வழக்கு நடந்தது. நகர மண்டபத்தில் பலகையை ஒரு நாற்காலியில் நிறுத்தி, விழாமல் இருக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. குற்றவாளி பலகையா வெர்தியானாவா என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்து, இருவரும்தான் என்று முடிவாயிற்று.

சட்டம் தெளிவாக இருந்தது. தடைசெய்த அணியைப் போட்டவளுக்கு அபராதம் மட்டுமல்ல, செய்தவனுக்கும் தண்டனை: மூன்று வருடம் ஊரில் தொழில் செய்யக்கூடாது. செய்தவன் அகப்பட்டால் பொருள் தப்பும். யாரென்று தெரியாவிட்டால் பொருளை அனாதைப் பொருளாக எடுத்து, பிடிபட்ட சவரிமுடியோடும் நீளப் பாவாடையோடும் சதுக்கத்தில் எரித்துவிடுவார்கள்.

"வரைஞ்சது யாரு?" என்று நீதிபதி கேட்டார்.

ரினியேரி எழுந்தார். செய்யச் சொன்னவனுக்கும் தண்டனை உண்டு என்பது அவருக்கு அன்று காலைதான் தெரிந்திருந்தது. "வழிப்போக்கு வியாபாரி ஒருத்தன்கிட்ட வாங்கினேனுங்க. எம் பொண்ணு சாயல்ல இருந்துச்சு. தற்செயல்."

ஊர் ஓவியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முதல் ஆள், "நான் வரைஞ்சா மூக்கு இப்படியா இருக்கும்?" என்றான். இரண்டாம் ஆள், "நமக்குச் சுவருதாங்க, பலகையைத் தொட்டா கை அரிக்கும்" என்றான். மூன்றாம் ஆள் வரவில்லை. ஈஸ்டரிலிருந்து தனக்குக் கண் தெரியவில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருந்தான். லாப்போவை யாரும் கூப்பிடவே இல்லை.

"அப்ப அனாதைப் பொருள். எரிச்சிடுங்க" என்றார் நீதிபதி.

லாப்போ சுவரோரம் நின்றிருந்தான். மூன்று வருடம் பட்டினி என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தொண்டை தீயில் கொப்பளிப்பதையும் நினைத்துப் பார்த்தான். கால் தானாக முன்னால் போயிற்று.

"ஐயா, நான் வரைஞ்சேன்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. நீதிபதி சிரித்தார். எழுத்தர் மை கொட்டினார். கசாப்புக்கார லாப்போ சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு டிராகன் வரைஞ்சியே, நீதானேப்பா?" என்றார் பங்குச் சாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அவர்தான் வரைஞ்சார்! பதினாறு நாள் நான் உக்காந்தேன்!" என்று வெர்தியானா கத்தினாள்.

"உக்காரும்மா. குற்றவாளி சாட்சி சொல்ல முடியாது."

"இவன்கிட்ட எங்க வீட்டுக் கதவுக்குக்கூடச் சாயம் பூசக் குடுக்க மாட்டேனுங்க" என்றார் ரினியேரி. மகள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் குனிந்துகொண்டார்.

லாப்போ விடவில்லை. "சத்தியமா நான்தாங்க. முப்பத்தோரு முட்டை. எம் பொண்டாட்டியைக் கேளுங்க."

எல்லோரும் பியேராவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து வந்து வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்தாள். பொய்ச் சத்தியம் செய்தால் தலையில் காகிதத் தொப்பி வைத்து, கழுதையில் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, ஊரைச் சுற்றி வரச் செய்வார்கள் என்று எழுத்தர் படித்துக்காட்டினார். அவள் தலையாட்டினாள்.

"ஐயா, இந்த மனுஷனோட இருபது வருஷம் குப்பை கொட்டிட்டேன். இவரு சூசையப்பருக்கு ரெண்டு இடது கை போட்டவரு. கடைசி இராப்போஜனத்துல பதிமூணு பேருக்குப் பதிலா பதினாலு பேரை உக்கார வச்சாரு; யாருய்யா இதுன்னு கேட்டா, ஒருத்தர் விருந்தாளிங்கறாரு. இவரு வரைஞ்ச மீனை எங்க வீட்டுப் பூனை மோந்து பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கும். மாதா மடியில இருக்கற கொழந்தைக்கு இவரு போட்ட மூஞ்சியைப் பாத்து எங்க அக்கா பிரசவத்துக்கே பயந்தா." கூட்டம் புரண்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் படத்தை இவரு வரையலை. இவரால முடியாது."

கடைசி வரியைத் தவிர அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் லாப்போவைக் கொன்றது. எழுத்தர் எழுதினார்: வரைந்தவர் யாரென்று தெரியாது, லாப்போ அல்ல என்பது சத்தியப் பிரமாணத்தால் மெய்ப்பிக்கப்பட்டது.

விறகு எடுக்க ஆள் கிளம்பியபோது வெர்தியானா மறுபடி எழுந்தாள். "எங்க சித்தி பாவாடை நீளம்னு பிடிச்சப்ப, நீளத்தை மட்டும் வெட்டிட்டுத் திருப்பிக் குடுத்தீங்களே? முத்தை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க."

கால்வானோ ஏட்டைப் புரட்டினார். அப்படி விதி இருந்தது. தச்சன் ஒருவன் கழுத்தோடு அறுத்துவிடலாம் என்றான். அது கொலைபோல இருக்கும் என்று நீதிபதி தயங்கினார். முத்தின் மேல் ஒரு துணியை வரைந்து மூடிவிடலாம் என்று முடிவாயிற்று. யார் வரைவது? இரண்டு ஓவியர்களும் பின்வாங்கினார்கள். தொட்டால் முகமும் தங்கள் கை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

"லாப்போ இருக்கானே" என்றார் கால்வானோ. "வரையலைன்னு சட்டப்படி நிரூபணமான ஆள் ஊருலயே இவன் ஒருத்தன்தான்." விரலை ஆட்டினார். "மூணு நாள்ல வந்து பாப்பேன். துணியும் முகமும் ஒரே கைன்னு தெரிஞ்சா, இவன் பொண்டாட்டி செஞ்சது பொய்ச் சத்தியம்."

வீட்டுக்கு நடக்கும்போது லாப்போ, "ஏண்டி அப்படிப் பண்ணின?" என்றான்.

"மூணு வருஷம் எதைத் திம்ப? சட்டத்தையா?" என்றாள். கொஞ்ச தூரம் போய், "எரிஞ்சாலும் அதை நான் பாத்துட்டேன்யா. எனக்கு அது போதும்" என்றாள்.

ஆக வேலை இதுதான்: தன் வாழ்நாளின் ஒரே நல்ல படத்தின் மேல், தன் மனைவியைக் காப்பாற்ற, ஒரு மட்டமான துணியை வரைய வேண்டும். மட்டமாக வரைவது லாப்போவுக்குப் பிறவிக் கலை. காலையில் சாம்பல் நீரால் கழுத்து வார்னிஷைத் துடைத்துவிட்டு, பழுப்பு வண்ணம் குழைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். திறந்து பார்த்தால் மெல்லிய துணி ஒன்று கழுத்தில் மூச்சோடு கிடந்தது. துடைத்தான். இடது கையால் வரைந்தான். மடிப்புக்குள் நிழல் சரியாகப் போய் உட்கார்ந்தது. துடைத்தான். இரண்டு டிராகன் போட்ட அந்தப் பழைய கையை நினைத்து நினைத்து வரைந்தான். முரட்டுச் சணல் துணியாக வந்தது, நூல் தனித்தனியாகத் தெரிந்தது, தொட்டால் குத்தும் போலிருந்தது. இருபத்திரண்டு வருடம் வா வா என்று கூப்பிட்டும் வராத கை, இப்போது போ போ என்றால் போகமாட்டேன் என்கிறது.

மூன்றாம் நாள் மதியம். முட்டை தீர்ந்துவிட்டது. பியேரா ரொட்டிக் கூடையோடு உள்ளே வந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"என்னய்யா?"

"வரமாட்டேங்குதுடி. எப்படிப் போட்டாலும் நல்லாவே வருது. உன்னைக் கழுதையில ஏத்திடுவாங்க."

பியேரா பலகையைப் பார்த்தாள். அழகான துணி. பார்த்த உடனே யாரும் சொல்லிவிடுவார்கள், அதே கை. கூடையை வைத்தாள். பசைக்கு வைத்திருந்த பன்றிமயிர்த் தூரிகையை எடுத்தாள். "தள்ளு."

"நீயா?"

"அடுப்புக்கு மண்ணு பூசறவளுக்கு இது பெரிய காரியமா? நீ அந்தப் பக்கம் திரும்பு."

அவன் திரும்பிக்கொண்டான். சரக் சரக் என்று சத்தம் மட்டும் கேட்டது. ஒருமுறை அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. முத்து, நிழல், அடக்கிய சிரிப்பு நின்ற தொண்டை எல்லாவற்றின் மேலும் சேற்று நிறத்தில் ஒரு கம்பளிக் கந்தல் விழுந்தது. குளிர்காலத்தில் தொண்டை வலிக்காரன் சுற்றிக்கொள்வானே, அப்படி.

மாலையில் கால்வானோ எழுத்தரோடு வந்தார். பலகையை வெளிச்சத்தில் சாய்த்து, முகத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பியேரா அடுப்போரம் நின்றாள். அவள் விரல் நகத்தில் இன்னும் பழுப்பு இருந்தது. கால்வானோ நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கடமைக்காரரின் முகம்.

"சந்தேகமே இல்லை. இது லாப்போ கை" என்றார், துணியைக் காட்டி.

எழுத்தர் எழுதினார்: முகம், யாரோ. துணி, லாப்போ. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நாற்பத்து நான்கு வயதில், ஒரு படத்துக்காக முதன்முதலாகத் தன் பெயரை எழுதினான் லாப்போ. அவர்கள் போன பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பியேராவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவனுக்கும். சிரித்து முடித்து அவன் வெகுநேரம் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

படம் அரெஸ்ஸோ போயிற்று. பின்னாலேயே வெர்தியானாவும் போனாள். மாமியார்க்காரி, "மூக்கு அச்சா அப்படியே இருக்கு. யாரோ பெரிய கை. துணி போட்டவனைத்தான் கட்டி வச்சு உதைக்கணும்" என்றாளாம்.

லாப்போவுக்கு அதன் பிறகு வேலைக்குக் குறைவில்லை. நகை மாட்டிய படங்கள், கழுத்து இறக்கித் தைத்த உடைப் படங்கள் வைத்திருந்தவர்கள் எல்லாம் பயந்துபோய், மூடித் தரச் சொல்லி அவனிடம்தான் கொண்டுவந்தார்கள். சட்டம் அங்கீகரித்த கை அது ஒன்றுதான். துணிகளைப் பியேரா போட்டாள், கையெழுத்தை அவன் போட்டான். வேறு முகம் அவன் வரையவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் படத்தைப் பற்றி வீட்டில் இருவரும் பேசுவதும் இல்லை. எப்போதாவது சோம்பு வாசனை வந்தால் அவன் கை நின்றுவிடும், அவள் பார்த்தும் பார்க்காதது போல வெளியே போய்விடுவாள். பதினோரு வருடம் கழித்து, காய்ச்சலில் நான்கே நாளில் போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் பியேரா நகர மண்டபத்துக்குப் போனாள். கால்வானோ எல்லாம் எப்போதோ போயாயிற்று. பிந்தோ என்ற இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மரியாதைக்காரர். நாற்காலி போட்டார்.

"ஐயா, பதினோரு வருஷம் முன்னாடி நான் ஒரு பொய்ச் சத்தியம் பண்ணினேன். திருப்பி எடுத்துக்க வந்திருக்கேன். ரினியேரி மகளை வரைஞ்சது எம் புருஷன். எழுதிக்குங்க."

பிந்தோ பழைய ஏட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டிப் படித்தார். "அம்மா, அவர் வரைஞ்சது துணியை மட்டும். அதிகாரி நேர்ல வந்து ஒப்பிட்டுப் பாத்து எழுதியிருக்காரே."

"துணியைப் போட்டது நான்."

பிந்தோ அவளைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய விதவை, கண் வீங்கியிருந்தது. "வருத்தத்துல இருக்கீங்க. புரியுது."

"வருத்தமெல்லாம் இல்ல, உண்மை. வேணும்னா ஒரு தூரிகை குடுங்க, இங்கேயே ஒரு துணி போட்டுக் காட்டறேன். நான்தான் பொய் சொன்னேன். ஊரு முன்னால சொல்றேன். தண்டனை இருக்கில்ல? குடுங்க."

"ஒரே விஷயத்துல ஒரே ஆள்கிட்ட ரெண்டு சத்தியம் வாங்க விதி இல்லம்மா. முதல்ல சொன்னதுதான் செல்லும்."

"அப்ப காகிதத் தொப்பி?"

"கிடையாதும்மா."

"கழுதை? ஊரைச் சுத்தி, எதுக்காக ஏத்தியிருக்காங்கன்னு கத்திக்கிட்டே போவாங்களே? அதையாவது செய்ங்கய்யா. ஒரே ஒரு சுத்து."

பிந்தோ ஏட்டை மூடினார். வாசல்வரை வந்து, படி பார்த்து இறங்கச் சொன்னார். பியேரா வீட்டுக்கு நடந்தே போனாள்.